மாடி வீட்டு வைரஸ் கீழே இறங்காமலிருக்க

மாடியில் வாடகைக்குக் கல்லூரி மாணவர்கள், கீழே வீட்டுக்காரர். இணைய இணைப்பு ஒன்றுதான், பில் ஆளுக்குப் பாதி. சென்னையிலும் கோவையிலும் இது சர்வசாதாரணம். பணம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் மாடியில் ஒருவர் விளையாட்டைக் காசு கொடுக்காமல் திறக்கும் 'கிராக்' கோப்பை இறக்கி, அதோடு ஒரு வைரஸும் வந்து சேர்ந்தால், கீழே கணக்கு எழுதும் கணினியையும் அது ஒரு கை பார்க்கும். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து அழைக்காமல் வரும் இணைப்புகளைத்தான் தடுக்கிறது. உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பேசுவதை அது கண்டுகொள்வதில்லை.

2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வான்னாகிரை என்ற வைரஸ் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் ஓர் ஓட்டை வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதுதான் எரிச்சலான விஷயம்.

ஆக, ஒரே இணைப்பில் இருப்பவர்களையும் பிரித்து வைக்க வேண்டும். எளிய வழி, பல ரவுட்டர்களில் இருக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்'. இது வீட்டுத் திண்ணை மாதிரி: வந்தவர் உட்காரலாம், உள்ளறைக்குள் போக முடியாது. விருந்தாளி வரும்போது மட்டும் இதைத் திறப்பது வழக்கம். நான் சொல்வேன், நம்பிக்கையில்லாத எல்லாவற்றையும் நிரந்தரமாக அங்கேயே வையுங்கள்: வாடகைதாரரின் கணினி, ஸ்மார்ட் டிவி, சிசிடிவி கேமரா. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கடையில் வாங்கியபோதிருந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் கும்பலாகப் பிடித்தது.

கெஸ்ட் பகுதியில் இருப்பவர்கள் உள் நெட்வொர்க்கை அணுக அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். 'ஏபி ஐசொலேஷன்' இருந்தால் போடுங்கள். வைஃபையில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காது. இதில் ஒரு தொல்லை உண்டு. போனிலிருந்து பிரின்டருக்கு அனுப்ப முடியாது, டிவியில் படம் போட முடியாது. இரண்டாம் நாளே யாராவது அதை அணைத்துவிடுவார்கள். தவிர, பல ரவுட்டர்களில் இந்தத் தடுப்பு வைஃபைக்கு மட்டும்தான். கேபிளில் செருகிய கணினிக்கு அது பொருந்தாது.

உறுதியான பிரிவு வேண்டுமென்றால் இரண்டாவது ரவுட்டர். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் ரவுட்டரைத் தாங்கள் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, இரண்டாவதை மாடிக்குக் கொடுக்கிறார்கள். இரண்டாவதன் பின்னால் இருப்பவரால் முதல் ரவுட்டரில் இருப்பவற்றைத் தொட முடியும், எதிர்த்திசையில்தான் முடியாது. ஆகவே வாடகைதாரர்கள் முதல் ரவுட்டரிலும், உங்கள் கணினிகள் இரண்டாவதன் பின்னாலும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது, முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டித்துத் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் ஓடினால் பிரிவே கிடையாது. மாட்ட வருபவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

ரவுட்டரைத் தொட உரிமையில்லாத வாடகைதாரர் என்ன செய்வது? விண்டோஸில் அந்த வைஃபையை 'பப்ளிக் நெட்வொர்க்' என்று வைத்தால் போதும், மற்ற கணினிகளின் கண்ணுக்கு உங்களுடையது தெரியாது. செலவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. திருத்தங்கள் வராமல் ஓடும் அத்தகைய கணினியைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

தொற்றிவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை கேபிளைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. திரையில் மிரட்டல் இருந்தால் போனில் படம் எடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றி கணினியில் வைரஸ் புகுத்தியவரிடம் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரியாமல் கிராக் இறக்கிய மாணவர் மீது இந்தக் குற்றப் பிரிவு எளிதில் நிற்காது. ஆனால் உங்கள் இணைப்பு வழியாக யாராவது குற்றம் செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது பில்லில் பெயர் உள்ளவரைத்தான். இணைப்பை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு வழியில் அனுப்பினால், 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.