ஆறாவது மைலில் மின்சாரம் தேங்குமா?

"எங்க சித்தி மெல்போர்ன்ல இருக்காங்க. போன்ல பேசும்போது, 'ராத்திரி ஒன்பது மணி ஆகட்டும், அப்புறம்தான் வாஷிங் மெஷின் போடணும், இப்போ கரண்டு விலை ஜாஸ்தி'ன்னு சொல்றாங்க. கரண்டுக்குமா நேரத்துக்கு ஒரு விலை? போன வருஷம் கரண்டு கம்பெனியையே மாத்திட்டாங்களாம். நாம ஈ.பி.யை மாத்த முடியுமா?"

ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருத்தியின் கேள்வி இது. ஒன்று கேட்பதுபோல இரண்டு கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் பதில் தேட மெல்போர்னுக்குப் போகவேண்டாம். அவள் ஊரிலிருந்து முடங்கியாறு சாலையில் மேற்கே போனால் போதும்.

அந்தச் சாலை மலையடிவாரத்து அய்யனார் கோவிலில் முடிகிறது. நீர்காத்த அய்யனார் என்பார்கள். சுற்றிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021இல் அறிவிக்கப்பட்டது. மலையில் மழை பெய்தால் கோவிலையொட்டி ஆறு புரளும். அந்தத் தண்ணீர் வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ராஜபாளையத்துக்குக் குடிநீராகப் போகிறது. கார்த்திகையில் பெய்த மழையைத் தை மாதத்தில் சொம்பில் பிடித்துக் குடிக்கலாம். மழை பெய்யும் நேரமும் நமக்குத் தாகம் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. நடுவில் ஓர் அணை நின்று சமாளிக்கிறது.

மின்சாரத்துக்கு அப்படி ஓர் ஆறாவது மைல் கிடையாது. நீங்கள் மின்விசிறி ஸ்விட்சைப் போடும் அதே நொடியில், அந்த விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கேயோ ஓர் இயந்திரம் சுற்றித் தரவேண்டும். தூத்துக்குடி அனல் மின் நிலையமாக இருக்கலாம், கூடங்குளம் அணுமின் நிலையமாக இருக்கலாம், தென்காசிப் பக்கத்துக் காற்றாலையாகவும் இருக்கலாம். நேற்று மிச்சமான மின்சாரம் என்று கம்பியில் எதுவும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

"பேட்டரி இருக்கே!" என்பீர்கள். இருக்கிறது. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஒருவர் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அந்தக் கனத்துக்குள் இருப்பது அவ்வளவுதான், அதிலும் முழுவதையும் எடுக்க முடியாது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த அளவில் ஒரே ஒரு மணி நேரம் ஓடினால் 2 கோடி யூனிட்டுக்கு மேல் ஆகும். எத்தனை இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

தேவையும் உற்பத்தியும் ஒவ்வொரு நொடியும் ஒத்துப்போகின்றனவா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் எண் இருக்கிறது: 50. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. இதை 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரையும் கிரைண்டரையும் போட்டால் மின் நிலையங்களில் சுற்றும் ராட்சத இயந்திரங்களுக்குச் சுமை கூடும், கொஞ்சம் மெதுவாகும், அந்த 50 குறையும். தேவை திடீரென்று குறைந்தால் 50 ஏறும். இந்தியாவில் அது 49.90க்கும் 50.05க்கும் இடையில் நிற்கவேண்டும் என்பது விதி. இரவும் பகலும் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் மின்சுமையைப் பிரித்து அனுப்பும் மையங்களில் பொறியாளர்களின் வேலை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் இந்தச் சமநிலை குலைந்து கோடிக்கணக்கான மக்கள் இருட்டில் தவித்தார்கள். அப்போது தென்னிந்திய மின்தொகுப்பு, அதாவது நம் மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, அவர்களோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாமல் தனியாக ஓடியதால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 அன்று நாமும் இணைந்துவிட்டோம். இப்போது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே 50தான்.

இனி விலைக்கு வருவோம்.

சித்திரை மாத மத்தியானம், வெயில் பொளக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லிருந்து இருக்கிறது. அதுபோல் எத்தனையோ தகடுகள் அந்த நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. எரிபொருள் செலவு பைசா கிடையாது. சாயங்காலம் என்ன ஆகிறது? ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், சூரியன் முறையாக மறைவதற்கு முன்பே மலை அதை மறைத்துவிடும். மாநிலம் முழுக்கச் சூரிய மின்சாரம் ஓரிரு மணி நேரத்தில் ஏறக்குறைய பூஜ்யமாகிறது. சரியாக அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு எரிகிறது, டி.வி. ஓடுகிறது, மாவு அரைபடுகிறது, வேலையிலிருந்து வந்தவர்கள் மோட்டார் போடுகிறார்கள். விட்ட இடத்தைப் பிடிக்க வேறு நிலையங்கள் ஓடிவரவேண்டும். நிலக்கரி நிலையம் சட்டென்று எழுந்து ஓடாது. ஆறிக் கிடந்த கொதிகலனைச் சூடேற்றி வேலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். அப்போதும் போதாவிட்டால் வெளிச் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கவேண்டும். ஆக, மத்தியான யூனிட்டும் ராத்திரி ஏழு மணி யூனிட்டும் மீட்டரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அடக்க விலை ஒன்றல்ல.

காற்றின் கதை வேறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பாலக்காடு ஆகிய மலை இடைவெளிகள் வழியாகப் பாய்ந்து வரும். காற்றாலைகள் இரவிலும் சுற்றும். கார்த்திகையில் அதே காற்றாலைகள் பல நாள் சும்மா நிற்கும். நம் பக்கத்து நூற்பாலைகள் பலவும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கின்றன. ஆனால் ஈ.பி.யிடம் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு நம் மாநிலத்தில் ஏற்கெனவே நேரத்துக்கு ஒரு விலை, அதாவது கடிகார விலைதான். 2022ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி காலையில் சில மணி நேரத்துக்கும் மாலை 6 முதல் 10 வரையிலும் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. மூன்று ஷிஃப்டும் ஓடும் மில்லில் ஏழு மணிக்கு நூற்புக் கதிரை நிறுத்திவிட்டு, "விலை குறையட்டும்" என்று உட்கார முடியுமா?

மத்தியானத்து மிச்சத்தை ராத்திரிக்கு எடுத்துவைக்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது. கோவை மாவட்டம் ஆனைமலையில் காடம்பாறை என்ற இடத்தில், மலைக்குள் குடைந்த நிலத்தடி மின் நிலையம் ஒன்று 1980களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு அணையிலிருக்கும் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை உச்சத்தில் இருக்கும்போது அதைத் திறந்துவிட்டு 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். மின்சாரத்தைத் தண்ணீராக மாற்றி அணையில் தேக்குகிறார்கள்! ஆனால் இனாமாக இல்லை. இப்படிப்பட்ட நிலையங்களில் ஏற்றச் செலவிட்ட மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை வழியில் போய்விடும்.

சித்தியின் கதைக்கு இப்போது போகலாம். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2002 முதல் வீட்டுக்காரர்கள் தங்களுக்கு மின்சாரம் விற்கும் கம்பெனியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். இதில் வேடிக்கை, கம்பெனியை மாற்றினாலும் கம்பம் மாறாது, கம்பி மாறாது, கம்பியில் வரும் மின்சாரமும் மாறாது. கம்பிகளைப் பராமரிப்பது தனி நிறுவனம். விற்பவர் செய்வது, மொத்தச் சந்தையில் மின்சாரத்தை வாங்கி உங்களுக்குச் சில்லறையாக விற்றுப் பில் அனுப்புவது. அந்த மொத்தச் சந்தையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை. வெயில் நன்றாக அடிக்கும் சில மத்தியானங்களில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். மாலையில் தாறுமாறாக ஏறும். இந்த ஆட்டத்தைக் கம்பெனி தன் தலையில் வாங்கிக்கொண்டு, உங்களுக்கு நாள் முழுக்க ஒரே விலை என்றோ, நேரத்துக்கு ஒரு விலை என்றோ திட்டம் போட்டுத் தருகிறது. எது மலிவு என்று பார்க்க அங்கே அரசே ஓர் ஒப்பீட்டு இணையதளம் நடத்துகிறது. அந்த அளவுக்குக் குழப்பம் என்றும் அர்த்தம்!

நம் பக்கம்? மும்பையின் புறநகர்களில் டாடா பவர், அதானி என்று இரண்டு கம்பெனிகளில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். தில்லியிலும் பல கம்பெனிகள் உண்டு. ஆனால் பகுதிக்கு ஒன்று, தேர்வு கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அரசின் மின்பகிர்மானக் கழகம் ஒன்றுதான். 1957இல் மின்சார வாரியமாகத் தொடங்கி, பெயரும் பிரிவும் எத்தனை முறை மாறினாலும் நமக்கு அது 'ஈ.பி.'தான். ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியாது.

முதல் கேள்விக்கு வந்தால், நேரத்துக்கு ஒரு விலை பற்றி மத்திய அரசு 2023 ஜூனில் ஒரு விதி கொண்டுவந்தது. சூரிய ஒளி உள்ள நேரத்தில் விலை வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்கவேண்டும் என்கிறது அது. நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இது நடக்கும். அய்யனார் கோவில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், நிறையச் செலவழிக்கும் வீடுகளுக்கு மாலை 6 முதல் 10 வரை ஏற்கெனவே விலை கூடுதல். நம் வீட்டு பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. எவ்வளவு செலவழித்தாய் என்றுதான் கேட்கிறது, எப்போது என்று கேட்பதில்லை.

அப்படிக் கேட்டால் யாருக்கு லாபம்? கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்தவை, உண்மைக் கட்டணம் அல்ல. ஒரே விலைத் திட்டத்தில் யூனிட் 6 ரூபாய். கடிகாரத் திட்டத்தில் பகல் 4.80, மாலை 6.60, மற்ற நேரம் 6. எல்லா வீட்டிலும் நாளைக்கு 8 யூனிட், ஆகவே ஒரே விலையில் எல்லோருக்கும் 48 ரூபாய்.

முதல் வீட்டில் பகலில் 2 யூனிட், மாலையில் 4, மற்ற நேரம் 2. கூட்டிப் பாருங்கள்: 9.60, 26.40, 12. மொத்தம் அதே 48! ஒரு பைசா மாற்றம் இல்லை. இரண்டாவது வீட்டில் தாத்தா பகலில் இருக்கிறார். மோட்டார், கிரைண்டர், துணி துவைப்பது எல்லாவற்றையும் அவர் மத்தியானத்திலேயே முடித்துவிடுகிறார். பகல் 4, மாலை 2, மற்றது 2. மொத்தம் 44.40. இரண்டு மாதத்தில் 216 ரூபாய் மிச்சம். மூன்றாவது வீட்டில் அப்பாவும் அம்மாவும் மில்லுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு, பகலில் பூட்டுதான். பகல் 1, மாலை 5, மற்றது 2. மொத்தம் 49.80. மின்சாரம் ஒன்றும் கூடுதலாகச் செலவாகவில்லை, பணம்தான் கூடுதல்.

கடிகார விலை விஞ்ஞானப்படி சரியானது என்பதுதான் என் கட்சி. மின்தொகுப்பு எப்போது மூச்சு வாங்குகிறது என்பதை அது விலையால் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டு நடக்க, பகலில் வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும், அல்லது தானாக ஓடும் கருவி வாங்கப் பணம் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாத மூன்றாவது வீட்டை நினைக்காமல் போட்ட திட்டம் நல்ல திட்டம் ஆகாது. சித்தியும் கம்பெனி கம்பெனியாகத் தேடுவதற்கு முன்னால் பார்த்திருக்கவேண்டியது ஒன்றுதான்: தன் வீட்டில் எந்த நேரத்தில் எத்தனை யூனிட்? அது தெரியாமல் எந்தத் திட்டத்தையும் ஒப்பிட முடியாது.

அதை நீங்கள் ஸ்மார்ட் மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். உங்கள் வீட்டு மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்தில் 3200 என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும், உங்களுடையதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 16 என்றால், மணிக்கு 960. அதை 3200ஆல் வகுத்தால் 0.3. அதாவது அந்த நேரத்தில் வீடு மணிக்கு 0.3 யூனிட் வேகத்தில் செலவழிக்கிறது, 300 வாட். ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டுவிட்டு எண்ணினால் விளக்கு படபடக்கும். அந்த மோட்டார் மட்டும் மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருமுறை, மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு பத்துக்கு ஒருமுறை எண்ணி, அந்த நேரத்தில் வீட்டில் என்னென்ன ஓடியது என்பதையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். மீட்டரைக் கண்ணால் மட்டும் பாருங்கள், பலகையில் கை படக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.