ராணி தலைக் காசுக்கு ரூ.5 லட்சமா? டிப்-டாப் ஆசாமிகளிடம் உஷார்!

மாதவரம்:

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப் பை. பைக்குள் நாலு வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ராணி தலை. மறு பக்கம் பூ வேலைப்பாடு. நடுவில் ஒரு ரூபாய் என்று ஆங்கில எழுத்து.

இப்படி ஒரு காசு உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் இதைப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். ஏனென்றால் காசு இல்லாதவர்களைத் தேடித்தான் "காசு இருக்கு, வாங்கிக்கிறீங்களா?" என்று டிப்-டாப் ஆசாமிகள் வருவார்கள்.

மாதவரம் நாலா திசையில் இருந்தும் ஆள் வந்து போகிற இடம். ஆந்திரா பஸ்கள் புறப்படும் புறநகர் பஸ் நிலையம் இங்கே இருக்கிறது. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்குக் குறைவில்லை. மூலக்கடை சந்திப்பில் எப்போதும் கூட்டம். வந்தவர் யார், போனவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதிரிக் கூட்டம்தான் ஏமாற்றுப் பேர்வழிகளுக்கு வசதி. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"அண்ணே, ஒரு நிமிஷம். மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டுறப்போ ஒரு பானை கிடைச்சுது. உள்ள பூரா ராணி காசு. சேட்டு கடைக்குப் போனா போலீஸ்ல மாட்டிக்குவோம். உங்களைப் பார்த்தா நல்லவராத் தெரியுது. அதான் கேக்குறேன்."

"எவ்வளவுப்பா சொல்றே?"

"வெள்ளி விலையில பாதி குடுங்கண்ணே, போதும். சந்தேகமா இருந்தா ஒண்ணை எடுத்துட்டுப் போய் கடையில காட்டிட்டு வாங்க."

காட்டினால் கடைக்காரர் "அசல் வெள்ளி" என்றுதான் சொல்வார். ஏனென்றால் முதலில் கையில் கொடுத்த அந்த ஒரு காசு அசல். பையில் இருக்கிற மிச்சம் எல்லாம் போலி. மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் ஆசாமி ஆந்திரா பஸ் ஏறி இருப்பார்.

தங்கசாலை

வெள்ளைக்காரன் காசுக்கும் வடசென்னைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே நடத்திய நாணயச்சாலையால்தான். 1869-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்துக்கு அரசு அச்சகம் வந்தது. வள்ளலார் நகர் என்று பெயர் மாறிய பிறகும் பஸ்ஸில் "மின்ட் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்னை மாகாணத்துக்கு வேண்டிய செம்புக் காசை இங்கிலாந்தில் அடித்தும் கப்பலில் அனுப்பினார்கள். பர்மிங்காம் நகரில் மாத்யூ போல்ட்டன் என்பவருடைய ஆலையில் 10 காசு, 20 காசு நாணயங்கள் தயாராயின. 1803, 1808 ஆகிய ஆண்டுகள் அவற்றில் பொறிக்கப்பட்டன.

1808-ம் வருஷத்துக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில்தான் ஆட்கள் கடலுக்குள் இறங்கி அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். சென்னைக்கு வர வேண்டிய காசு 175 வருஷம் கடலுக்கு அடியில் கிடந்தது!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1808 என்று போட்ட காசைக் கண்டதும் "இருநூறு வருஷப் பழசு, லட்ச ரூபாய் போகும்" என்று குதிக்கக் கூடாது. லட்சக்கணக்கில் கிடைக்கிற காசுக்கு லட்ச ரூபாய் யார் கொடுப்பார்? காசின் விலையை வயது மட்டும் தீர்மானிப்பது இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு தோலா

நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது 1835-ல். நாலாம் வில்லியம் ராஜாவின் தலை போட்ட ரூபாய் அது. எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. கணக்குப் பார்த்தால் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியதே தவிர, இந்த எடை மாறவில்லை. நாட்டு மருந்துச் சீட்டில் "ஒரு ரூபாய் எடை" என்று எழுதுவது இதை வைத்துத்தான்.

அன்றைய வெள்ளி விலையை 10.69-ஆல் பெருக்குங்கள். தேய்ந்த ராணி தலை ரூபாய்க்கு அதுதான் அஸ்திவார விலை. நல்ல நிலையில் இருந்தால் கூடக் கிடைக்கும். அரிதான ரகமாக இருந்தால் இன்னும் கூடக் கிடைக்கும்.

எது ரகம்? எது போலி?

பக்கத்து வீட்டுக் காசும் நம் வீட்டுக் காசும் ஒரே மாதிரி இல்லை என்றதும் "இது டூப்ளிகேட்" என்று சிலர் முடிவு கட்டி விடுகிறார்கள். அது தப்பு.

1840 ராணி ரூபாயில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் ராணியின் பெயர் தலையைச் சுற்றி வளைந்து தொடர்ச்சியாகப் போகும். மற்றதில் தலைக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கும். இரண்டுமே அசல். இதில் ராணிக்குக் கிரீடம் இருக்காது. 1862-ல் வந்த ரூபாயில் கிரீடம் இருக்கும். 1874 வரைக்கும் 1862 என்ற ஆண்டையே போட்டு அடித்தார்கள். 1877 முதல் 'ராணி' என்ற சொல் போய் 'சக்கரவர்த்தினி' வந்தது. அவருக்குப் பின் வந்த எட்வர்டு ராஜாவின் ரூபாயில் வெறுந்தலைதான். கிரீடம் இல்லையே என்று அதைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள்.

1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒரு பெரிய ரகளையைக் கிளப்பியது. ராஜாவின் அங்கியில் யானை உருவம் ஒன்று உண்டு. தும்பிக்கை குட்டையாகி, பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரித் தெரிந்தது. மத உணர்ச்சியைப் புண்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. அடித்த 94 லட்சம் காசில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கி விட்டார்கள். மறு வருஷம் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்று பெயர் எடுத்த அந்தக் காசுக்கு சேகரிப்பவர்களிடம் இன்றும் தனி மவுசு.

பாதி வெள்ளி

ஆறாம் ஜார்ஜ் காசில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1938 என்று போட்ட ரூபாயில் பழைய மாதிரியே 12-ல் 11 பங்கு வெள்ளி. உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940 முதல் 1945 வரை உள்ள ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதே ராஜா, அதே அளவு, ஆனால் வெள்ளி 5.83 கிராம்தான். ஆண்டைப் பார்க்காமல் விலை பேசினால் பாதிப் பணம் போச்சு.

கள்ளக் காசு பெருகியதால் இந்தப் பாதி வெள்ளி ரூபாயின் விளிம்பில் தனியாக ஒரு பாதுகாப்பு வேலைப்பாடு செய்தார்கள். பல் பல்லாக இருக்கும் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளக் கோடு சுற்றி ஓடும். அது இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

இடையில் வந்த 1939 ரூபாய் மிக அரிது. இதை வைத்துத்தான் பெரிய மோசடி. 1938-ல் உள்ள கடைசி 8-ஐச் செதுக்கி 9 ஆக்கி விடுவார்கள். காசு அசல், ஆண்டு போலி! பூதக் கண்ணாடியில் பார்த்தால் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் சுரண்டிய தடம் தெரியும்.

1943-ல் வந்த ஓட்டைக் காலணாவும் போர்க்காலச் சரக்குதான். உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். ஏராளமாக அடித்த காசு. "ஓட்டைக் காலணாவுக்கு லட்சம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீட்டிலேயே சோதனை

காசைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியவை:

1. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். 10 கிராமுக்குக் கீழே போனால் அது ராணி ரூபாய் ஆக முடியாது.

2. காந்தம் வைத்துப் பாருங்கள். வெள்ளி ஒட்டாது. ஆனால் புலி போட்ட 1947 ரூபாய் நிக்கல். அது ஒட்டும். ஒட்டுவதால் அது போலி என்று நினைக்க வேண்டாம்.

3. விளிம்பைப் பாருங்கள். அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும். பரப்பில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருக்கும். எழுத்துகள் சோப்புக் கட்டியில் எழுதியது மாதிரி மழுங்கி இருக்கும்.

4. சுண்டிப் பாருங்கள். வெள்ளி 'கணீர்' என்று இழுத்து ஒலிக்கும். ஈயக் கலப்பு 'டொக்' என்று நின்றுவிடும்.

ஒரு பை நிறையக் காசு வந்தால், ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். "ஒண்ணைப் பார்த்தா போதும்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

சாமி காசு

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், காளி உருவம் போட்டு, மறு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா என்று எழுதிய பித்தளைக் காசைப் பலர் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். கும்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் கம்பெனி அப்படி ஒரு அரை அணாவை வெளியிட்டதே இல்லை. சென்னையில் அடித்த வராகனில் சாமி உருவம் உண்டு. அது சின்னஞ்சிறு பொற்காசு. இந்தப் பித்தளைக் காசுகள் பிற்காலத்தில் பக்தர்களுக்காக யாரோ அடித்து விற்றவை.

இவற்றைத்தான் சில கில்லாடிகள் "இரிடியம் காசு, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள்" என்று விற்கிறார்கள். அரிசி நகர்வதையும் கண்ணெதிரே காட்டுவார்கள். அரிசியில் இரும்புத் தூள், காசுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்த காந்தம். அவ்வளவுதான் ரகசியம். "பரிசோதனைச் செலவு" என்று லட்சக்கணக்கில் கறந்துவிட்டு மறைந்து விடுவார்கள். இந்த மோசடியில் நாட்டின் பல பகுதிகளில் போலீசார் ஆட்களைக் கைது செய்திருக்கிறார்கள்.

செல்போனில் வரும் வலை

"உங்கள் காசுக்கு 5 லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று செல்போனில் விளம்பரம் வரும். ரிசர்வ் வங்கியின் முத்திரையையும் போட்டிருப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விடுத்தது. பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று திட்டவட்டமாகச் சொன்னது.

விற்கிறவர் பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? காசைக் கொடுப்பவர் நீங்கள். பணம் உங்களுக்குத்தான் வர வேண்டும்.

10 ரூபாய் காசு

இதே குழப்பம் நம் காலத்துக் காசிலும் நடந்தது. 10 ரூபாய் காசில் ஒன்றில் 10 கோடு, ஒன்றில் 15 கோடு. ஒன்றில் ரூபாய் சின்னம் உண்டு, ஒன்றில் இல்லை. "இது செல்லாதுங்க" என்று தமிழ்நாட்டில் பல கடைகளில் வாங்க மறுத்தார்கள். கூலி வேலை செய்கிறவர் கையில் இருந்த நல்ல காசு செல்லாக் காசு ஆனது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அதுவரை வெளியான 14 ரகமும் செல்லும் என்றது. ரகத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் ஏழைக்குத்தான்.

புளி போடாதீர்கள்

காசு சேர்க்க ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய காசைப் புளி, திருநீறு போட்டுத் தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கும் மதிப்பு குறைவு.

மண்ணில் புதையலாகக் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. "பானையில கிடைச்சுது, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்கிறவரிடம் வாங்கினால் காசு அசலாக இருந்தாலும் வம்புதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அசல் காசு எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், போலியைப் பார்த்ததும் மனசு சொல்லிவிடும்.

பாட்டியின் சுருக்குப் பைக்குத் திரும்புவோம். அந்த நாலு காசில் இருக்கிற வெள்ளி எங்கும் ஓடிப் போகாது. அவசரப்பட்டு விற்க வேண்டாம். எந்தக் காசு, எந்த வருஷம், யார் கொடுத்தது என்று பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, காசோடு பத்திரமாக வையுங்கள். ரோட்டில் யாராவது "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்காமல் நடையைக் கட்டுங்கள்!