தோட்டத்தில் ஒரு மலை ரயில்: குறைந்த செலவில் பாதையும் மலையும்

நமது நாட்டின் மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். அதனை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் வரும். உலகெங்கும் தோட்டங்களில் மாதிரி ரயில் ஓட்டுவோர் பெரும்பாலும் பயன்படுத்தும் பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். ஜெர்மனியைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968இல் ‘எல்.ஜி.பி.’ என்னும் பெயரில் இந்த அளவை அறிமுகப்படுத்தியபோது, ஐரோப்பிய மலைப்பகுதிகளின் மீட்டர் பாதைகளையே மனத்தில் கொண்டிருந்தது. ஆயினும் அதனால் நமக்கும் ஒரு நன்மை விளைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் பாதையில் ஓடுவதே; அதனை இந்த அளவில் வீட்டுத் தோட்டத்தில் கொண்டுவர எந்தச் சமரசமும் தேவையில்லை. 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள நமது அகலப் பாதைக்கு இந்த வசதி இல்லை.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று எண்ணிப் பலர் தயங்குகின்றனர். எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் ஓரளவு செலவு செய்தே ஆகவேண்டும். ஜல்லிப் படுகை, மலை, சுரங்கம், நிலையம் ஆகியவற்றை வீட்டிலும் தெருமுனைக் கடைகளிலும் கிடைக்கும் மிச்சப் பொருள்களைக் கொண்டே அமைத்துவிடலாம். ஆனால் ஒரு விதியை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்: ரயிலைச் சுருக்கலாம், வானிலையைச் சுருக்க முடியாது.

50 டன் எடையுள்ள எஞ்சினை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் அதன் எடை நாலரைக் கிலோவுக்கும் குறைவாகிவிடும். மழைத்துளியோ அதே மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் விழும். நமது சிறிய பாதைக்கு அது, உண்மையான பாதையின் மீது ஏழு சென்டிமீட்டர் உருண்டைகளாகத் தண்ணீர் கொட்டுவதற்குச் சமம். கூடத்தில் மேசை மீது அமைக்கும் மாதிரி ரயிலுக்குரிய குறிப்புகள் வெளியே தோற்றுப்போவது இதனால்தான். நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, காகித மலையைச் சுற்றி ரயில் விட்டுப் பழகிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கைத்திறன் இங்கும் உதவும். அந்தப் பொருள்கள் உதவா. கொலு ஒன்பது நாள் நின்றால் போதும், தோட்டத்துப் பாதை ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டும்.

தரையா, மொட்டை மாடியா?

தரையில் இடமிருந்தால் அதுவே சிறந்தது. மாடிதான் உள்ளது என்போர் எடைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். மக்கள் ஏறிச் செல்லும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. நனைந்த மண்ணைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினாலே இந்த அளவைத் தாண்டிவிடும். எனவே மாடியில் மண்மேடு கட்டுவது கூடாது. தளத்தில் துளையிடுவதும் கூடாது; நீர்க்கசிவைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு ரயில்கள் வாங்கிவிடலாம். சுவரோரமாக, எடை குறைந்த கட்டைகளின் மீது பலகைப் பாதையாக அமைத்து, மழைநீர் வடியும் வாய்களை முழுவதும் திறந்து வைப்பதே முறை. அடுக்குமாடிக் குடியிருப்பாயின் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் தேவை.

இடம் குறுகலாக இருந்தால் ரயில் வட்டமிட்டே ஆகவேண்டும் என்பதில்லை. 1881இல் ஓடத் தொடங்கிய டார்ஜிலிங் ரயில், இடமில்லாத மலைச்சரிவில் முன்னும் பின்னுமாக நகர்ந்து ‘இசட்’ எழுத்தைப் போல ஏறுகிறது. நீண்டு ஒடுங்கிய மாடிச் சுவருக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. வட்டமாக அமைப்பதாயின் வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 120 சென்டிமீட்டர் இருந்தால் பார்வைக்கும் அழகு, சக்கரங்களுக்கும் நல்லது.

ஏற்றத்தைப் பொறுத்தவரை ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நீலகிரி ரயில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்னும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றத்தைக் கடப்பது நடுவிலுள்ள பற்சட்டத்தின் துணையால். பற்சட்டம் இல்லாத நமது எஞ்சினுக்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏற்றமே போதும். பாதை தன்னைத் தானே மேலே கடந்து செல்ல ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அந்த உயரத்தை எட்டவே பத்து மீட்டர் தண்டவாளம் செலவாகும். பாதையைச் சமதளத்தில் விட்டு, அதைச் சுற்றி மலையை உயர்த்துவதே சிக்கனம். பார்ப்பவர் கண்ணுக்கு ரயில் மலையில் ஓடுவதாகவே தோன்றும்.

ஜல்லியின் வேலை

உண்மையான ரயில் பாதையில் ஜல்லி, வண்டியின் சுமையை நிலத்தில் பரப்புகிறது, குறுக்குக் கட்டைகளை நகராமல் பிடித்துக்கொள்கிறது, மழைநீரை வடியவிடுகிறது. நமது பாதையில் சுமை ஒரு பொருட்டே அன்று. பிடிப்பதும் வடிப்பதுமே ஜல்லியின் வேலை. இதை மறந்து அழகுக்காக மட்டும் ஜல்லி தூவியவர்களின் பாதை முதல் மழையிலேயே அரித்துப் போகிறது.

தரையில் அமைக்கும்போது பாதை செல்லும் வழியில் 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டவேண்டும். அடியில் காலி சிமென்ட் சாக்கைப் பிரித்து விரிக்கலாம். நெய்த சாக்கு ஆதலால் நீர் இறங்கும், களை எளிதில் மேலே வராது. மண்ணுக்குள் வெயில் படாததால் சாக்கும் நெடுநாள் தாங்கும். அதன் மீது 20 மில்லிமீட்டர் கட்டட ஜல்லியை நிரப்பி, மட்டப்பலகையும் ரசமட்டமும் வைத்துச் சமன்செய்து, கட்டையால் நன்கு இடிக்கவேண்டும். பத்து மீட்டர் பாதைக்கு ஏழு கன அடி ஜல்லி போதும். வீடு கட்டும் இடங்களில் எஞ்சிக் கிடப்பதே பெரும்பாலும் இந்த அளவுக்கு இருக்கும். உரியவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலேதான் கண்ணுக்குத் தெரியும் ஜல்லி. இந்திய ரயில்வே பயன்படுத்தும் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். நமது அளவுக்குச் சுருக்கினால் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். ஆனால் அது மழைத்துளியின் அளவு. பெருமழையில் துள்ளிச் சிதறிவிடும். ஆகவே கணக்கைச் சற்றே மீறி, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரையிலான கல்லைப் பயன்படுத்துவதே நமது பரிந்துரை. கட்டுமானப் பொருள் கடைகளில் ‘சிப்ஸ்’ எனக் கேட்டால் கிடைக்கும் பொடி ஜல்லியை வாங்கி, கொசுவலைக் கம்பியில் சலித்து, தூளை நீக்கி, கழுவிக்கொள்ள வேண்டும். தூள் எஞ்சினால் மழையில் சேறாகிக் கல்லிடுக்குகளை அடைத்துவிடும். பத்து மீட்டர் பாதைக்கு ஒரு சிமென்ட் மூட்டை கொள்ளும் அளவே தேவை. மீன்தொட்டிக்கு விற்கும் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். உடைத்த கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உருண்டைக் கல் உருண்டுபோகும்.

மேசை ரயிலில் ஜல்லியைப் பசை விட்டு ஒட்டுவது வழக்கம். மரவேலைக்குரிய வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். ஒரு பங்கு சிமென்டை எட்டுப் பங்கு பொடி ஜல்லியுடன் உலர்ந்த நிலையில் கலந்து, பரப்பியபின் பனிபோலத் தண்ணீர் தெளித்து இறுகச்செய்யும் முறை ஒன்று உண்டு. உறுதியானதுதான், ஆயினும் பாதை முழுவதும் இப்படிச் செய்வதை நாம் ஏற்பதில்லை. பின்னாளில் ஒரு தண்டவாளத்தை மாற்றவேண்டி வந்தால் உளி எடுக்கவேண்டும். வெயிலில் நீளும் தண்டவாளத்துக்கு இடமின்றிப் போகும். பாலத்தின் இருமுனைகள், சரிவான ஓரங்கள் ஆகிய இடங்களில் மட்டும் சிமென்டுக் கலவை போதும். மற்ற இடங்களில் ஜல்லி தளர்வாகவே கிடக்கட்டும். குறைந்த இடத்தில் அவ்வப்போது நிரப்பிக் குத்திவிடலாம். ரயில்வேயும் அதைத்தான் செய்கிறது.

தண்டவாளம் நீளும் என்றோம், எவ்வளவு? காலைக்கும் நண்பகலுக்கும் 35 பாகை வேறுபாடு இருந்தால், ஒன்றரை மீட்டர் பித்தளைத் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் நீளும். இணைப்புதோறும் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கவலையில்லை. விடாவிட்டால் பத்து மீட்டரில் ஆறேழு மில்லிமீட்டர் சேர்ந்து, பாதை பாம்புபோல் நெளியும். நண்பகல் வெயிலில் பாதை போடுவோர் இடைவெளியைக் குறைத்தும், குளிர்ந்த காலையில் போடுவோர் கூட்டியும் விடவேண்டும். பாதையை நடுவில் ஓரிடத்தில் மட்டும் அசையாமல் நிறுத்தி, மற்ற இடங்களில் ஜல்லியின் மீது மிதக்கவிடுவது நல்லது.

தண்டவாளத்தை வெளிநாட்டிலிருந்து தருவிப்போர், இணையத்தில் கண்ட விலையோடு சுங்க வரி, அனுப்பும் செலவு, அட்டை வழிச் செலுத்தினால் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும். பொறுமையுள்ளவர்கள் தாமே செய்துகொள்ளலாம். தச்சுப் பட்டறையில் எறியும் தேக்குத் துண்டுகளை 80 மில்லிமீட்டர் நீளமும் 9 மில்லிமீட்டர் அகலமும் உள்ள குறுக்குக் கட்டைகளாக அறுத்து, குறுக்கே இரு வெட்டு போட்டு, அலுமினியப் பட்டையைச் செங்குத்தாகச் செருகினால் பாதை தயார். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 350 கட்டைகள் வேண்டும் என்பதால் விடுமுறை நாள்கள் சில இதிலேயே கழியும். அலுமினியத்தின் மேற்பரப்பு மின்சாரத்தைச் சீராகக் கடத்தாது. எஞ்சினுக்குள் மின்கலம் வைத்துத் தொலைவிலிருந்து இயக்கினால் அந்தக் குறை தீரும். மழைக்கால மின்கசிவைப் பற்றிய கவலையும் இராது.

மலையும் சுரங்கமும்

வீட்டு உபயோகப் பொருள்களோடு வரும் தெர்மோகோல் அட்டைகளை அடுக்கி மலையின் உடலை உருவாக்கலாம். தரையாயின் உடைந்த செங்கல்லே போதும். ஒரு பங்கு சிமென்டும் இரண்டு பங்கு சலித்த மணலும் கலந்து, இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, பழைய பருத்தி வேட்டியையோ சணல் சாக்கையோ அதில் தோய்த்து, மலையின் மீது மடிப்பு மடிப்பாகப் போர்த்தவேண்டும். துணியின் மடிப்புகளே பாறைகளின் வரிகளாகிவிடும். கையுறை அவசியம், ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். ஏழு நாள்கள் நீர் தெளித்து வரவேண்டும். தெர்மோகோல் எங்கும் வெளியே தெரியலாகாது. வெயிலில் பொடிந்து காற்றில் பறக்கும். கொலு மலைக்கு உதவும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இங்கே மழையில் ஊறி உதிர்ந்துவிடும். நிறத்தை மேலே பூசுவதைவிட, தரைக்கு இடும் சிவப்பு, கறுப்பு ஆக்சைடு பொடிகளைக் கலவையிலேயே சேர்ப்பது நீடித்து நிற்கும்.

சுரங்கத்துக்கு இருபது லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியை வெட்டிப் படுக்க வைத்தால் போதும். கால்பங்கு புதைந்தாலும் ரயில் செல்ல இடம் இருக்கும். இதைவிட நீண்ட சுரங்கம் வேண்டாம். தடம்புரண்ட பெட்டியைக் கைவிட்டு எடுக்க முடியவேண்டும். தேள், பூரான் ஒதுங்கும் இடமும் அதுவே ஆதலால், கைவிடுமுன் ஒரு குச்சியால் துழாவிவிட வேண்டும். குளம் அமைக்க விரும்புவோர் தேங்கும் நீரைத் தவிர்த்து நீல ஓட்டுத் துண்டால் நிறைவடைய வேண்டுகிறோம். கொசு வளர்த்த பழி ரயிலுக்கு வேண்டாம்.

நடைமேடைக்கும் தாங்குசுவருக்கும் கல் கடைகளில் கிடைக்கும் கடப்பைக் கல் துண்டுகள் உகந்தவை. நிலையக் கட்டடத்துக்கு விளம்பரப் பலகை செய்வோரிடம் எஞ்சும் ஏ.சி.பி. தகடு நல்லது, கத்தியால் கீறி மடிக்கலாம், மழையில் ஊறாது. வாயிற்கதவின் உயரம் ஒன்பது சென்டிமீட்டர், மனிதர் ஏழரை சென்டிமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் அளவு பிசகாது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதி நட்டவுடன் அந்த இடம் நமது நாட்டு நிலையமாகிவிடும். மரங்களுக்கு இலை சிறுத்த செடிகளே ஏற்றவை: குட்டை இட்லிப்பூ, பொன்னாங்கண்ணி, டேபிள் ரோஸ், தரைக்குக் கொரியன் புல். மாதம் ஒருமுறை கத்தரிக்க வேண்டும். ஆல், அரசங்கன்றுகள் தொட்டியில் அழகாக இருந்தாலும் மாடியில் வேண்டாம். அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும்.

மகாராஷ்டிரத்தின் நேரல்–மாதேரான் மலை ரயில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மலையேறும் பகுதியில் நிறுத்தி வைக்கப்படுகிறது. அப்படியும் 2005ஆம் ஆண்டுப் பெருமழையில் அப்பாதை பல இடங்களில் அரித்துச் செல்லப்பட்டது. மழை மாதங்களில் நாமும் எஞ்சினையும் பெட்டிகளையும் உள்ளே எடுத்து வைத்து, மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். பாதை வெளியே கிடக்கலாம்.

செலவைப் பிரித்துச் செய்ய விரும்புவோருக்கு நாம் கூறும் வரிசை வேறு. எஞ்சினை முதலில் வாங்காதீர்கள். மூன்று மீட்டர் பாதையை மட்டும் வாய்க்கால் வெட்டி, ஜல்லியிட்டுப் போடுங்கள். ஓரத்தில் ஒரு சிறு மேட்டைச் சிமென்டுத் துணியால் கட்டுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியட்டும். எந்த இடத்தில் ஜல்லி நகர்ந்தது, எங்கே நீர் தேங்கியது, எந்த இணைப்பு இறுகியது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதனைக் குறித்து வைத்துக்கொண்டு மீதிப் பாதையை வாங்கலாம். எஞ்சினுக்கான தொகையை அந்த ஓராண்டில் மாதந்தோறும் தொடர் வைப்பாகச் சேர்த்துக்கொள்ளவும் காலம் கிடைக்கும்.