உஷார்! உங்கள் வாக்கி-டாக்கி விமானியின் காதில் விழலாம்

கீழைக்காற்று அடிக்கிற ஒரு நாளில் ஒரகடத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதைக்கு மேற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில்தான் வரிசை பிடிக்கும். அங்கிருந்து ஓடுபாதைக்குச் சுமார் 22 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஐந்தாறு நிமிடத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.

விமானத்தில் கருவிகள் எத்தனை இருந்தாலும், "இறங்கு" என்றோ "இறங்காதே, மேலே ஏறு" என்றோ விமானிக்குச் சொல்வது கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒரு மனிதரின் குரல்தான். அந்தக் குரலுக்குக் குறுக்கே நாம் போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்துக் கிடங்கு ஒன்றின் வாசலில் லாரிக்காகக் காத்திருந்தேன். காவலர் கையில் கறுப்பு வாக்கி-டாக்கி. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் அனுமதி எண் எதுவும் இல்லை.

"ஆன்லைன்ல வாங்கினது சார். நல்லா எடுக்குது."

"எந்தச் சேனல்ல பேசுறீங்கண்ணே?"

"எது காலியா இருக்கோ, அதுல."

அவர்மேல் தப்பே இல்லை. கையில் கொடுத்ததை வைத்துப் பேசுகிறார். ஆனால் நமக்குக் காலியாகத் தெரிகிற சேனல் வானத்தில் காலியாக இருக்க வேண்டுமே?

விமானப் பேச்சு நடப்பது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். மலிவான செட்டுகள் சில 136-லேயே தொடங்கிவிடும். தரம் சோதிக்கப்படாத செட்டும், அலையை வாங்கி மறுபடி பரப்பக் கூரைமேல் மாட்டிய ரிப்பீட்டரும் தமக்குரிய அலைவரிசையைத் தாண்டியும் சிந்தலாம். நம் தலைக்கு மேல் வரும் விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைவிட நம் கூரைதான் பக்கம். கோபுரம் 22 கிலோமீட்டர் தள்ளி. நம் ஆன்டெனா ஒரு கிலோமீட்டர் கீழே. இடையில் மறைப்பும் கிடையாது. தொந்தரவு கேட்பதும் விமானிக்கு மட்டும்தான். நம் காதில் ஒன்றும் விழாது.

விமானப் பேச்சின் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பட்டனை அழுத்தினால் கேட்பவர் காதில் கீச்சென்ற ஓசைதான் மிஞ்சும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் நடந்தது அதுதான். "ஓகே... காத்திரு" என்று கட்டுப்பாட்டு அறையும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று இன்னொரு விமானமும் ஒரே நொடியில் பேசின. புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் "ஓகே" என்ற முதல் சொல் தெளிவாகக் கேட்டது; மீதியைக் கீச்சொலி விழுங்கியது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

குரல் விமானத்தை எட்டினால் மட்டும் போதாது; சொன்னபடி நடக்கவும் வேண்டும். நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கச் சொன்னார்கள். எதிரே வரும் சவூதி விமானத்துக்கு 14,000 அடி. கஜக் விமானத்தில் ஆங்கிலத்தில் பேசிய ரேடியோ ஆபரேட்டருக்கு உயரம் காட்டும் கருவி தனியாக இல்லை; விமானிகளின் கருவியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். சொன்ன உயரத்துக்கும் கீழே இறங்கிய அந்த விமானம் சவூதி விமானத்தோடு மோதியது. சர்க்கி தாத்ரியின் வயல்களில் 349 உயிர்கள் போயின.

சென்னைக்கே வருவோம். 2025 ஆகஸ்ட் 10 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போன ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பி விடப்பட்டது. இறங்கும் தறுவாயில் மறுபடி மேலேறி, இரண்டாம் முறைதான் தரை தொட்டது. ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதாக அதில் பயணித்த எம்.பி. கே.சி. வேணுகோபால் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. கட்டுப்பாட்டு அறை சொன்னதால்தான் ஏறினோம் என்றது. காரணம் எதுவானாலும், அன்று அந்தச் சொல் விமானியின் காதில் போய் விழுந்தது. அதே நொடியில் யாரோ ஒருவர் "லாரியை உள்ள விடு" என்று தப்பான அலைவரிசையில் கத்தியிருந்தால்?

நம் பகுதியில் அப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடப்பதற்கு முன்னால் உஷாராவோம் என்கிறேன். 2025 மே மாதம், விதிமீறி வாக்கி-டாக்கி விற்றதற்காக 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அப்படி விற்ற செட்டுகள் எந்தெந்த வாசலில் இருக்கின்றனவோ!

இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் நண்பர்களே, செய்ய வேண்டியவை இவை:

1. செட்டைப் புரட்டிப் பாருங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உபகரண அனுமதி எண், அதாவது ஈ.டி.ஏ., இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

2. இத்தகைய செட்டுகளில் உரிமம் இல்லாமல் பேச அனுமதி உள்ள அலைவரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். வேறு எதில் பேசுவதானாலும் உரிமம் வேண்டும்.

3. சேனலை மாற்றி புரோகிராம் செய்ய யாரையும் விடாதீர்கள். ரேஞ்ச் போதவில்லை என்று பூஸ்டரோ ரிப்பீட்டரோ கூரையில் ஏற்றாதீர்கள்.

4. பேசும் பட்டன் அழுந்தியபடி சிக்கிக்கொள்ளும் செட்டை உடனே ஓரங்கட்டுங்கள். அது விடாமல் அலை பரப்பிக்கொண்டே இருக்கும்.

5. கிரேனுக்கும் லாரிக்கும் விமானிகளின் பழக்கத்தையே பழகுங்கள். கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் லீவரைத் தொடாதீர்கள்.

இன்று ராத்திரி ஷிஃப்ட் ஏறும் முன் உங்கள் கேட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். காவலர் அண்ணன் கையில் இருக்கும் செட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மேலே போகிற விமானத்தில் வருவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.