பிஞ்சுச் சருமம்: பூசுவதற்கு முன் சற்று நில்லுங்கள்

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 16-ஆம் அதிகாரத்தில், எருசலேம் நகரமானது பிறந்தவுடனே கவனிப்பாரின்றி விடப்பட்ட ஒரு பெண்குழந்தைக்கு ஒப்பிடப்படுகிறது. தொப்புள்கொடியை அறுப்பது, நீரினால் கழுவுவது, உடலில் உப்புத் தேய்ப்பது, துணியில் சுற்றுவது ஆகிய நான்கு பணிவிடைகளும் அக்குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்று அங்கே வாசிக்கிறோம். அக்காலத்துத் தாய்மார் பச்சிளங்குழந்தைக்கு உப்புத் தேய்த்தது அன்பினாலேயே. அவ்வழக்கம் துருக்கியின் சில பகுதிகளில் நம் காலம் வரைக்கும் நீடித்தது. அவ்வாறு உப்புப் பூசப்பட்ட சில குழந்தைகளின் இரத்தத்தில் உப்பின் அளவு உயிருக்கே ஆபத்தாக உயர்ந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிஞ்சுச் சருமத்தின் வழியாகவே உப்பு உள்ளே போயிருந்தது.

கிறிஸ்துவுக்குள் பிரியமான தாய்மார்களே, அன்போடு பூசப்படுவதெல்லாம் குழந்தைக்கு நன்மை செய்வதில்லை. பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்தும், இடுக்கி மலைகளில் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியார் பகுதிகளிலிருந்தும் பிழைப்புக்காகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து குடியேறிய நம் சபைக் குடும்பங்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்றும் உண்டு. மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ அவள் குழந்தையோடு நகரத்துக்குத் திரும்புகிறாள். பாட்டி கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் போத்தல் ஒரு கையிலும், சபையார் அன்பளிப்பாகக் கொடுத்த பவுடர், சோப்பு, லோஷன் அடங்கிய வண்ணப்பெட்டி மறுகையிலுமாக அவள் நிற்கிறாள். எதைப் பூசுவது, எதை விலக்குவது?

பச்சிளங்குழந்தையின் தோலின் வெளியடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு நம்முடையதைப்போல் இரண்டரை மடங்கு. ஆகையால் நம்மேல் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள், குழந்தையின் மேல் பட்டால் இரத்தத்தில் மிகுதியாய்க் கலக்கிறது. 1972-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ‘மோராஞ்ஜ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட குழந்தைப் பவுடரில், தொழிற்சாலையில் நேர்ந்த தவறினால் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட்டது. அதைப் பூசப்பட்ட 204 பேர் நோயுற்றனர். 36 குழந்தைகள் மரித்தன. அத்தாய்மார் செய்ததெல்லாம், குளிப்பாட்டிய பின் பவுடர் போட்டது மாத்திரமே.

பாட்டியின் போத்தல்

நம் எல்லைப்புறத்துப் பாட்டிமாரின் கைப்பக்குவத்தைக் குறைவாக மதிப்பிடலாகாது. தேங்காய்ப் பாலை அடுப்பில் வைத்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி எடுக்கும் ‘வெந்த வெளிச்செண்ணெய்’ கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குத் தேய்க்கப்படுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட சருமப் பராமரிப்பு வழிகாட்டுதலும் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் ஏற்கிறது. கடுகெண்ணெயையும் ஒலிவ எண்ணெயையும் அவ்வளவாக விரும்புவதில்லை. 2005-இல் வெளியான ஆய்வொன்றில், டாக்கா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன என்று காணப்பட்டது. நல்ல எண்ணெய் தோலுக்கு ஒரு மதில்போல் நிற்கிறது. மூக்கிலும் காதிலும் தொப்புளிலும் மட்டும் எண்ணெய் விடவேண்டாம்.

ஒலிவ எண்ணெயைக் குறித்து நம் சபைகளில் தனியாகவே சொல்லவேண்டியிருக்கிறது. குழந்தைப் பிரதிஷ்டையின்போது போதகர் நெற்றியில் ஒரு துளி தொட்டு ஜெபிப்பதில் யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் அதே ஜெப எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய், காய்ந்த தோல் நீங்கும் என்று எண்ணி, நாள்தோறும் உடல் முழுவதும் தேய்க்கிறவர்கள் உண்டு. 2013-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலிவ எண்ணெய் பெரியவர்களின் தோலிலேயே வெளியடுக்கைத் தளர்த்துவதைக் கண்டார்கள். குழந்தைக்கு அது வேண்டாம்.

மலைக்குளிரில் வேறு இரண்டு அபாயங்கள் உண்டு. மூணாற்றுத் தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பம் சில நாட்கள் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. சளி பிடித்தவுடன் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது லயங்களில் வழக்கம். கற்பூரம் தோல்வழியே உள்ளே சென்று கைக்குழந்தைக்கு வலிப்பை உண்டாக்க வல்லது. இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம் சேர்ந்த எந்தத் தைலமும் கூடாது. மற்றொன்று, மூத்த பிள்ளையின் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் அந்துருண்டையோடு வைத்திருந்து அப்படியே அணிவிப்பது. அந்துருண்டையின் நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாய்ப் பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான காமாலையை உண்டாக்கும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டென்று பார்த்தவுடன் தெரியாதாகையால், அந்துருண்டையோடு இருந்த துணியை ஒரு குழந்தைக்கும் போடாதிருப்பதே நல்லது.

திருஷ்டிப் பொட்டை நாம் விட்டுவிட்டோம். கண்மையை அநேகர் விடவில்லை. கடைகளில் விற்கும் சில மைகளில் ஈயம் காணப்பட்டிருக்கிறது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், நகரத்து ஒற்றையறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யப்படும்போது, குழந்தையின் நுரையீரலுக்குப் பாரமாகிறது. தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை மஞ்சளோ சாம்பலோ பவுடரோ ஒன்றும் வைக்கலாகாது.

கடையின் பெட்டி

பிறந்த குழந்தையின்மேல் காணப்படும் வெண்மையான மாவுப்படலத்தை அழுக்கென்று தேய்த்தெடுக்கவேண்டாம். அதுவே அதன் முதல் களிம்பு. முதற்குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. பின்னரும் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல் போதும். நம் தோல் சற்றே அமிலத்தன்மையுடையது, அதன் பி.எச். அளவு 5.5 அளவில் நிற்கும். சாதாரண சோப்போ 9 அல்லது 10. சோப்பு நுரைக்காத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இன்னும் அதிகமாய்த் தேய்க்கத் தோன்றும். அதனால் தோல் வறண்டு வெடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்காலத்தில் வீசும் வறண்ட காற்றும் இதையே செய்கிறது. சோப்பு வேண்டுமானால், மணமற்ற, அமிலத்தன்மை சமன்செய்யப்பட்ட திரவ வகையைக் கொஞ்சமாய் அழுக்குப் படும் இடங்களில் மட்டும் உபயோகித்தால் போதும்.

பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளை நம்பி வாங்காதிருங்கள். ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்குத் தங்கள் தேசத்தில் நிலையான வரையறை ஏதும் இல்லை என்று அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அமைப்பே கூறுகிறது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளில் ‘ஃபிராக்ரன்ஸ்’ அல்லது ‘பெர்ஃப்யூம்’ என்றிருந்தால் மணப்பொருள் சேர்ந்திருக்கிறது என்று பொருள். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாதது வேண்டாம். ஈரத்துடைப்பான்களில் ‘மீத்தைல் ஐசோதயாசோலினோன்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமையை உண்டாக்குவதால், கழுவிவிடாத பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி அதைவிட மலிவு.

பவுடர் தேவையே இல்லை. அதன் தூசி மூச்சில் செல்லும். வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பில் கட்டியாகும். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம், வழக்குகளுக்கிடையே, டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தி, 2023-இல் உலகெங்கும் சோளமாவுக்கு மாறியது. தன் டால்க் பாதுகாப்பானதே என்பது அந்நிறுவனத்தின் வாதம். சோளமாவானாலும் தூசி தூசிதான். சில நாட்களில் 40 பாகையைத் தாண்டும் பாலக்காட்டுக் கோடையிலும், மூன்று கம்பளிகளுக்குள் சுற்றிவைக்கப்பட்ட மூணாற்றுக் குழந்தைக்கும் ஒரேவிதமாக வேர்க்குரு வருகிறது. துணியைக் குறைப்பதே இரண்டுக்கும் மருந்து.

எல்லாவற்றிலும் நான் அதிகமாய் அஞ்சுவது மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சிறிய டியூபை. டயபர் கட்டிய இடம் சிவந்தவுடன், பக்கத்து வீட்டாரின் ஆலோசனைப்படி, ஸ்டீராய்டும் கிருமிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாய்ச் சேர்ந்த களிம்பை வாங்கிப் பூசுகிறோம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், நிறுத்தினால் திரும்ப வரும், மறுபடியும் பூசுவோம். டயபருக்குள் மூடப்பட்ட தோல் மருந்தை இன்னும் மிகுதியாய் உறிஞ்சுகிறது. வாரக்கணக்கில் குளோபெட்டசால் போன்ற வீரியமுள்ளவை பூசப்பட்ட குழந்தைகளுக்கு முகம் ஊதி, வளர்ச்சி தடைப்பட்டு, உடல் தானே சுரக்கவேண்டிய ஹார்மோனும் நின்றுபோனதுண்டு. ஊதிய முகத்தைப் பார்த்து ‘கொழுகொழுவென்று இருக்கிறான்’ என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்! 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதென்று அறிவித்தது. ஆயினும் விற்பனை நின்றபாடில்லை. மருத்துவர் பார்த்துக் கரப்பானுக்கு எழுதித்தரும் மிதமான மருந்தை அவர் சொன்ன நாட்கள் பூசுவதற்குப் பயப்படவேண்டாம். டயபர்ப் புண்ணுக்கு அடிக்கடி மாற்றுவதும், சிலநேரம் காற்றுப்படத் திறந்துவிடுவதும், துத்தநாக ஆக்சைடு களிம்பும் பெரும்பாலும் போதுமானவை.

ஆனால் சீழ்க் கொப்புளம், காய்ச்சல், தோல் உரிதல், பால் குடியாமை, உள்ளங்கால்வரை மஞ்சள் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று காத்திருக்கும் இரவுக்குள் தொற்று இரத்தத்தில் பரவிவிடலாம். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியர். போகிற வழியிலும் ஜெபிக்கலாம். ஊரில் இருக்கும்வரை, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறுமுறை வீடுதேடி வந்து பார்ப்பது ஆஷா பணியாளரின் கடமை. அந்நாட்களுக்குள் நகரத்துக்குப் புறப்படுவீர்களானால், தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துவந்து, குடியிருக்கும் பகுதியின் சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சகோதரிகள் ஐக்கியத்தாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பிரதிஷ்டை ஆராதனைக்கு வண்ணப்பெட்டிக்குப் பதிலாக, பலமுறை துவைத்து மெலிந்த பருத்திப் புடவையை நான்காகக் கிழித்து ஓரம் தைத்துக் கொடுங்கள்; கூடவே ஒரு போத்தல் வெந்த வெளிச்செண்ணெய்.