நெய்தல் நிலத்துப் பாலை

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று காடுகாண் காதையில் இளங்கோவடிகள் விளக்கம் தந்தார். மலையும் இல்லாத, பெருங்காடும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விலக்கணத்தைக் காண்பது எங்ஙனம் என்று மாணவர் வினவுவதுண்டு. வடமராட்சி கிழக்கை அவர்களுக்கு நான் சுட்டுவேன். அங்கே திரிந்து பாலையானது நெய்தல் நிலம். ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் உப்பாறு. நடுவே காற்றுக் குவித்த வெண்மணற் குன்றுகள். மணற்காடு என்ற ஊர்ப்பெயரே அந்நிலத்தின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது.

அந்நிலத்தைப் பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை மோட்டார்ச் சைக்கிளிற் கடப்பதென்று நானும் என் பழைய மாணவர் இருவரும் தீர்மானித்திருக்கிறோம். இரண்டு நாட் பயணத்துக்கு மூன்று வாரமாக ஆயத்தம் நடைபெறுகின்றது. "இவ்வளவு குறுகிய வழிக்கு இத்தனை ஆரவாரமா?" என்று நண்பர்கள் நகைக்கின்றனர். 1934 டிசம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்ட தெரேசா வாலாக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு பெண்கள், பக்கவண்டியும் இழுவண்டியும் பூட்டிய ஒரு மோட்டார்ச் சைக்கிளில் சகாராவைக் கடந்து, 1935 இல் கேப் டவுன் சேர்ந்தனர். அவர்களின் பயணத்துக்கு முன் எங்களது சிறுபிள்ளை விளையாட்டுத்தான். எனினும் மணல் எங்கும் மணலே. வண்டியின் சில்லைப் புதைக்கும்போது அது சகாராவென்றும் குடத்தனையென்றும் வேறுபாடு பார்ப்பதில்லை.

முதலில் பருவத்தைப் பார்த்தோம். ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவியியலார் பாலைவனம் என்பர். நமது குடாநாடோ 1000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். அக்காலத்தில் உப்பாறு நிரம்பித் தாழ்ந்த வழிகளை மூடும். வைகாசியிற் கிளம்பும் சோளகக் காற்று மணலை வாரிக் கண்ணில் அறையும். ஆதலால் வாடை ஓய்ந்து சோளகம் பிறவாத மாசி மாதத்தையே தெரிந்துகொண்டோம். சுண்டிக்குளத்துக்கு வரும் வலசைப் பறவைகளை அப்போதும் காணலாம்.

அடுத்தது வழி. பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரம் செல்வோம். வல்லிபுர ஆழ்வார் கோயிலாற் புகழ்பெற்ற அவ்வூரின் மணலடியில், 1936 இல் ஒரு பொற்சாசனம் கிடைத்தது. வசப மன்னன் காலத்ததாகிய அப்பிராமிச் சாசனம் நம் குடாநாட்டை நாகதீபம் என்ற பெயராற் குறிப்பதாகப் பரணவிதான வாசித்தார். அதன்பின் மணற்காடு. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி புதைந்தும் பாதி நிமிர்ந்தும் அங்கே நிற்கின்றன. குடத்தனை, நாகர்கோவில், குடாரப்பு, செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் தெற்கே தொடரும். முடிவில் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் பெற்ற நிலமாதலின், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றே உள்ளே புகுவோம். திரும்புகையில் இயக்கச்சி வழியே கண்டி வீதியைப் பிடிப்பதாக எண்ணம்.

இந்த ஊர்ப்பெயர்கள் சிலவற்றை வரைபடத்திற் குறித்தபோது மாணவர் கை தயங்கிற்று. 1991 இல் வெற்றிலைக்கேணியிலும் 2000 இல் குடாரப்பிலும் படைகள் தரையிறங்கின. நாகர்கோவில் நெடுங்காலம் போர்முனையாக இருந்தது. 1995 செப்டெம்பர் 22 ஆம் நாள் அவ்வூர்ப் பாடசாலையில் விமானக் குண்டு விழுந்து பிள்ளைகள் பலர் மாண்டனர். ஆசிரியத் தொழில் செய்யும் நான் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாமற் செல்லல் முறையன்று. போர் 2009 இல் முடிந்துவிட்டது. ஆயினும் நிலம் விழுங்கிய வெடிகள் ஆண்டுக் கணக்கை அறியா. ஊரார் நடக்காத தடத்தில் நாம் ஓடுவதில்லை, மண்டையோட்டுக் குறியிட்ட பலகையைக் கண்டால் ஓரடியும் வைப்பதில்லை என்பது எங்கள் முதல் விதி.

வண்டிகள் இரண்டு, புதியவையல்ல. மணலுக்கு எடை பகையாதலின் ஒருவருக்கு ஒரு பை மாத்திரமே. பாரத்தை உயரக் கட்டாமல் தாழக் கட்ட வேண்டும். மணல்வழி தொடங்குமிடத்தில் ரயரின் காற்றைக் காற்பங்கு குறைத்தால், அது அகன்று பதிந்து புதையாமல் ஓடும். தார் வீதி வந்ததும் மீண்டும் நிரப்பக் கைப்பம்பு வேண்டும். மணலில் முன் பிறேக்கைத் திடீரெனப் பிடித்தால் விழுவது உறுதி. உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, கண்ணைத் தூரத்தே வைத்து, வேகத்தை ஒரே சீராகக் காப்பதே வழி. வண்டியை நிறுத்துகையில் அதன் கால் மணலில் இறங்காதிருக்க அடியில் வைப்பதற்கு இரண்டு சிறு பலகைத் துண்டுகள் எடுத்துள்ளோம். காற்று வடிகட்டியை இரவில் தட்டித் துடைத்தலும், உப்புக் காற்றுப்பட்ட சங்கிலியை நன்னீரிற் கழுவி எண்ணெய் இடுதலும் தவறக்கூடாது. ரியூப், ஒட்டுப்போடும் சாமான், பிளக், கிளச்சுக் கம்பி ஆகியவை உபரியாக ஒவ்வொன்று. பெற்றோலைப் பருத்தித்துறையிலேயே நிரப்பிக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் குடிநீர். அதில் சிக்கனம் இல்லை.

நீரைப் பற்றிப் பேசியபோதுதான் எங்களுக்குள் விவாதம் மூண்டது. மாணவருள் ஒருவருக்கு மணற்குன்றின் முகடு வரை வண்டியை ஏற்றிப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆவல். "வண்டியிலை போறதே அதுக்குத்தானே, சேர்?" என்று அவர் கேட்டது இளமையின் நியாயம்.

நான் நீரைக் கொண்டே மறுமொழி கூறினேன். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. பெய்த மழை மணலூடும் சுண்ணக்கல்லூடும் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உவரைத் தள்ளி நிற்கும் என்பது அறிவியற் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவருக்குப் போய்விடும். மழையை வாங்கிச் சேமிக்கும் மணற்குன்று அக்கரை மக்களுக்குத் தண்ணீர்த் தொட்டி. கடலுக்கு அது மதிலும் ஆகும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் அழித்தது. அதே நாளில், தென்னிலங்கையின் யால கரையில் குன்று முழுமையாக நின்ற இடங்களில் அலை தடைப்பட்டதையும், வெட்டுண்ட இடைவெளியூடே உட்புகுந்ததையும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

அக்குன்றைப் பிடித்து நிற்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையுமே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முதுமொழி. திரண்ட கொடியைச் சில்லு அறுத்தால் காற்று அவ்விடத்தே வாய் திறக்கும், மணல் பெயரும், பெயர்ந்த மணல் வயலையும் வளவையும் மூடும். லொறி லொறியாக மணல் அகழ்ந்து செல்வோர் செய்யும் அழிவின்முன் எங்கள் இரண்டு சில்லு எம்மாத்திரம் என்று மாணவர் வாதிட்டார். அளவிற் சிறிதென்பது உண்மை. ஆனால் ஒரு தடம் விழுந்த இடத்திலேயே அடுத்த தடம் விழுகிறது. அகழ்வோரைக் குறை கூறும் வாய், முகட்டில் வண்டி ஏற்றிய படத்தையும் காட்டலாமா?

வழி பார்த்து வருவதற்காகச் சென்ற வாரம் மணற்காட்டுக்குப் போயிருந்தேன். கரைவலையைச் செப்பம் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். "வடிவாப் போட்டு வாங்கோ, மாஸ்ரர். வலை இழுக்கிற நேரம் கரையாலை ஓடாதையுங்கோ, கயிறு கழுத்திலை வெட்டும். உந்த அடம்பனை மட்டும் அறுத்துப் போடாதையுங்கோ. அது போனால் மணல் எங்கடை அடுப்படிக்கை வந்திடும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே மாணவரிடம் ஒப்புவித்தேன். என் நாற்பதடிக் கணக்குச் செய்யாததை அந்த அடுப்படி செய்தது.

இப்போது திட்டம் இதுதான்: வண்டிகள் வீதியிலும் ஊரார் புழங்கும் மணற்பாதையிலும் மட்டுமே ஓடும். மணற்காட்டில் அவற்றைச் சவுக்க மர நிழலில் நிறுத்திவிட்டு, குன்றின்மேல் வெறுங்காலுடன் நடந்தேறுவோம். காலை ஒன்பது மணிக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். பிறகு மணல் சுடும். முதல் நாள் இரவு மருதங்கேணியில் தங்கல். மறுநாள் விடியலில் சுண்டிக்குளம்.

பட்டியலில் இன்னும் இரண்டு பொருள்கள் சேரவேண்டியுள்ளன. ஒன்று, நாம் கொண்டுசெல்லும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கான சாக்கு. மற்றொன்று, மாணவர் தம் புத்தகப் பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்ன அகநானூறு. பாலைப் பாட்டுக்களை மணலில் இருந்து வாசிக்க வேண்டுமாம். எடை கூடும் என்று நான் மறுக்கவில்லை.