கீச்சிடும் பிரேக் கற்றுத்தரும் அறிவியல்

கரும்பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடும் சத்தத்தைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. கட்டியை இரண்டாக உடைத்து எழுதினால் அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதும் நமக்குத் தெரியும். சுண்ணக்கட்டி பலகையில் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது, மறுகணம் வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் பல நூறு முறை இது நடக்கும்போது உண்டாகும் அதிர்வே அந்தக் கீச்சொலி. காரின் பிரேக் சத்தமிடுவதற்கும் இதே உராய்வுதான் காரணம்.

கம்பம் பள்ளத்தாக்கில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பகுதியில் மின்கார் வாங்கும் ஆசிரியர்கள் பெருகி வருகிறார்கள். அடைமழைக் காலம் முடிந்ததும் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், புது வண்டிதான். பிரேக் பிடிச்சா கரகரன்னு சத்தம் வருதே, ஏன்?"

விடைக்கு முன், மின்கார் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். முல்லைப் பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்கள் வழியே இறங்கி, லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. குமுளியிலிருந்து இறங்கும் மின்காரிலும் இதுதான் நடக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்னியற்றியாக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தரலாம். 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், அது இழக்கும் நிலையாற்றல் 75 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, சுமார் இரண்டு யூனிட். காற்றுத்தடையும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. பெட்ரோல் காரில் இது திரும்பக் கிடைப்பதில்லை. பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது.

இந்த நன்மையிலேயே சத்தத்தின் காரணமும் இருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் உராய்வுப் பிரேக்குக்கு வேலை குறைவு. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஓர் இரவு மழையில் நின்றாலே அதன்மேல் மெல்லிய துரு படியும். பெட்ரோல் காரில் மறுநாள் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் துரு தேய்ந்து போய்விடும். மின்காரில் அது தங்கி, நாளடைவில் தடிக்கிறது. இதனால்தான் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஐடி.3, ஐடி.4 மின்கார்களின் பின்சக்கரங்களில், மழையும் தூசியும் எளிதில் புகாத டிரம் பிரேக்கைப் பொருத்தியது.

சத்தம் எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்தால் காரணத்தை நெருங்கிவிடலாம்.

மழைக்குப் பின், காலையில் முதன்முறை பிரேக் பிடிக்கும்போது மட்டும் கரகரவென்று கேட்டால் அது துரு. பின்னால் வண்டி வராத சமதளச் சாலையில், மோட்டார் வழி வேகக்குறைப்பை மிகக் குறைந்த நிலையில் வைத்து, மிதமான வேகத்திலிருந்து எட்டு, பத்து முறை சீராகப் பிரேக் பிடித்தால் போதும்.

மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கீச்' என்றால், பிரேக் பேட்டின் மேற்பரப்பு பளபளப்பாக இறுகியிருக்கலாம். மெக்கானிக் பேட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார், அல்லது மாற்றுவார். பேட் தேய்ந்து தீரும் நிலையிலும் கீச்சொலி வரும். பல பேட்களில் அதை அறிவிக்கவே சிறு உலோகத் தகடு வைத்திருப்பார்கள்.

பிரேக் பிடிக்காமலேயே உரசல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சிறுகல் சிக்கியிருக்கலாம். அல்லது காலிப்பரைத் தாங்கும் பின்கள் தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து இறுகியிருக்கலாம். அப்போது பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. அந்தச் சக்கரம் மட்டும் கூடுதலாகச் சூடாகும். எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவியதும் சத்தம் நின்றது. உட்பக்கப் பேட் மட்டும் ஏறத்தாழ முழுவதும் தேய்ந்திருந்ததால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் புதுப் பேட் போட வேண்டியதாயிற்று.

இரும்பும் இரும்பும் அரைபடுவது போன்ற கரடுமுரடான சத்தம் என்றால் வண்டியை ஓட்டவே கூடாது.

அந்த ஆசிரியருக்கு முதலில் கிடைத்த அறிவுரை என்ன தெரியுமா? "டிஸ்க்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சார், சத்தம் போயிரும்." சத்தம் போகும்தான், கூடவே பிரேக்கும் போய்விடும். கதவுக் கீலில் உராய்வு நமக்குத் தொல்லை. பிரேக்கில் உராய்வுதான் நம் உயிரைக் காக்கிறது. எண்ணெய் பட்ட காரோடு போடிமெட்டிலோ மேகமலையிலோ ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

மலைச்சாலையில் இன்னொன்றும் முக்கியம். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிருக்காது. மோட்டாரின் தடுப்பு குறைந்து, சுமை முழுவதும் உராய்வுப் பிரேக்கின் மேல் விழும். துருப்பிடித்த டிஸ்க்கும் இறுகிய பின்னும் அப்போதுதான் சோதனைக்கு உள்ளாகின்றன. எனவே மலைமேல் தங்கினால் நூறு விழுக்காடு மின்னேற்றம் செய்யாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்குவது நல்லது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கார் தேவையில்லை. டைனமோ பொருத்திய மிதிவண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, விளக்கை இணைத்தும் இணைக்காமலும் மாணவர்களைப் பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது சுற்றுவது கடினம் என்பதைக் கையே உணரும். மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளை இட்டுத் துருவைக் காட்டலாம். சுண்ணக்கட்டி ஒட்டி வழுக்குவதைக் காட்டலாம். ஆற்றல் மாற்றம், துருப்பிடித்தல், உராய்வு, ஒலி என்று வெவ்வேறு பாடங்களில் நாம் நடத்துபவை ஒரே சக்கரத்தில் சேர்ந்திருப்பதை மாணவர்கள் காண்பார்கள். வீட்டில் யாராவது பிரேக்கில் எண்ணெய் விடப்போனால், "விடாதீங்கப்பா" என்று காரணத்தோடு தடுக்கவும் செய்வார்கள்.